தூக்குமேடை புக்ஸ எப்படி படிக்கிறது: விக் கேட்ரெல் படிக்கப்போறவங்களுக்கு

விக் கேட்ரெல்னு ஒரு ஹிஸ்டாரியன், பொறந்தது தென்னாப்பிரிக்கா, ரொம்ப காலம் வேலை பார்த்தது கேம்ப்ரிட்ஜ்ல கான்வில் அண்ட் கீஸ் காலேஜ்ல. போன மாசம் எங்க ரீடிங் குரூப்ல இவரைப் பத்தி நான் பெருமையா பேசப்போயி மாட்டிக்கிட்டேன், அன்னைலேர்ந்து ஒரே கேள்விதான், எதுல ஆரம்பிக்கிறது, ஒவ்வொண்ணும் தலகாணி சைஸ்ல இருக்கே, இங்கிலாந்து சட்டம் ஒண்ணும் தெரியாதே, நடுவுல விட்டுட்டா என்ன பண்றதுன்னு. தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிடறேன். நான் ஹிஸ்டரி படிச்சவன் இல்ல, கணக்கு எழுதுற வேலை, ராத்திரி சாப்பிட்டுட்டு படிக்கிறவன். அதனால இது வாத்தியார் சொல்ற வழி இல்ல, ரெண்டு தடவை தப்பா ஆரம்பிச்சு மூணாவது தடவை முடிச்ச ஒருத்தன் சொல்ற வழி.

முதல்ல என்னென்ன புக்குன்னு சொல்லிடறேன். 1994ல வந்தது 'தி ஹேங்கிங் ட்ரீ', 1770லேர்ந்து 1868 வரைக்கும் இங்கிலாந்துல ஊரே பார்க்க தூக்குல போட்டாங்களே அதைப் பத்தி. 2006ல 'சிட்டி ஆஃப் லாஃப்டர்', அதே காலத்து லண்டன்ல மக்கள் எதைப் பார்த்து சிரிச்சாங்க, அந்தச் சிரிப்பு எப்ப அடங்கிச்சுன்னு, இதுக்கு வுல்ஃப்சன் பரிசு கிடைச்சுது. 2013ல 'தி ஃபர்ஸ்ட் பொஹீமியன்ஸ்', லண்டன்ல கோவென்ட் கார்டன் ஏரியாவுல வாழ்ந்த ஓவியக்காரங்க கூட்டத்தைப் பத்தி. 2022ல 'கான்ஸ்பிரசி ஆன் கேட்டோ ஸ்ட்ரீட்'. பொஹீமியன்ஸ இப்போதைக்கு விட்டுடுங்க, நல்ல புக்குதான் ஆனா நம்ம கேள்விக்கு அது அவசியமில்ல. மத்த மூணும் தனித்தனி சப்ஜெக்ட் மாதிரி தெரியும், ஒண்ணு தூக்கு, ஒண்ணு கார்ட்டூன், ஒண்ணு சதி வழக்கு. ஆனா மூணுலயும் அவரு போட்டுத் துருவறது ஒரே விஷயத்தத்தான். நேத்து வரைக்கும் எல்லாரும் சகஜமா பார்த்துட்டு இருந்த ஒண்ணு இன்னைக்கு பார்க்கவே சகிக்கலன்னு ஆகுதே, அது எப்படி ஆகுது, யாருக்கு முதல்ல ஆகுது, அதனால அடிபடறவனுக்கு ஏதாச்சும் நல்லது நடந்துச்சா இல்லையா.

நான் பண்ண தப்பு என்னன்னா, நேரா ஹேங்கிங் ட்ரீய எடுத்து முன்னுரையிலேர்ந்து வரிசையா படிச்சேன். அறுநூறு பக்கத்துக்கு மேல, பேரா பேராவா பேரு, சட்டம், வருஷம், முதல் தடவை எண்பதாவது பக்கத்துல தூங்கினேன், ரெண்டாவது தடவை நூத்திருபது. அதுலயும் நான் வாங்கினது ஆன்லைன்ல செகண்ட் ஹேண்ட் காப்பி, நடுவுல படம் போட்ட பக்கத்த யாரோ அழகா பிளேடு வெச்சு எடுத்திருந்தாங்க, விக்கிறவன் 'நல்ல நிலைமை'ன்னு போட்டிருந்தான். பழைய காப்பி வாங்கறீங்கன்னா படப்பக்கம் எல்லாம் இருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க, இவரு புக்குல படம்ங்கறது அலங்காரம் இல்ல, ஆதாரம்.

என் யோசனை, தலைகீழா போங்க. கடைசியா வந்த கேட்டோ ஸ்ட்ரீட்ட முதல்ல எடுங்க. அது ஒரு கதை, அதனால உள்ள இழுத்துடும். 1819 ஆகஸ்ட்ல மான்செஸ்டர்ல ஓட்டுரிமை கேட்டு கூடின ஜனங்க மேல குதிரைப்படைய விட்டாங்க, பீட்டர்லூன்னு அதுக்கு பேரு. அதுல வெறியான ஒரு சின்ன கூட்டம், செருப்பு தைக்கிறவங்க, ஒரு கசாப்புக்காரர், ஜமைக்கால பொறந்த கலப்பினத்தவர் ஒருத்தர், இவங்கல்லாம் ஆர்தர் திசில்வுட்ங்கறவர் தலைமைல, மந்திரிங்க மொத்த பேரும் ஒரு வீட்ல ராத்திரி விருந்துக்கு கூடறப்ப உள்ள பூந்து தீர்த்துடலாம்னு திட்டம் போடறாங்க. 1820 பிப்ரவரி 23, கேட்டோ ஸ்ட்ரீட்ல ஒரு குதிரைலாயத்து பரண்ல ஆயுதத்தோட காத்திருக்காங்க. விருந்தே கிடையாது. பேப்பர்ல வந்த விருந்துச் செய்தியே கண்ணி, கூட இருந்து தூண்டி விட்டவன் அரசாங்கத்து உளவாளி எட்வர்ட்ஸ். மே 1ம் தேதி நியூகேட் ஜெயில் வாசல்ல அஞ்சு பேரை தூக்குல போட்டு, இறக்கி, தலைய வெட்டி கூட்டத்துக்கு தூக்கிக் காமிக்கிறாங்க. நம்ம ஊர்ல ரயில்வே லைன் போடறதுக்கு முப்பது வருஷம் முன்னாடிதான் இதெல்லாம், அவ்ளோ ஒண்ணும் புராண காலம் இல்ல.

இந்த புக்க படிக்கிறப்ப ஒரு வேலை மட்டும் செய்ங்க. பக்கத்துல லண்டன் மேப்ப போன்ல திறந்து வெச்சுக்கோங்க. கேட்டோ ஸ்ட்ரீட் இன்னைக்கும் இருக்கு, எட்ஜ்வேர் ரோடு பக்கத்துல. அதே ரோட்டுல தெக்க வந்தீங்கன்னா மார்பிள் ஆர்ச், அங்கதான் டைபர்ன், பல நூறு வருஷமா லண்டனோட தூக்குமரம் நின்ன இடம், இப்ப டிராஃபிக் நடுவுல தரையில வட்டமா ஒரு கல்லு பதிச்சிருக்காங்க. அங்கேர்ந்து கிழக்க நியூகேட் ஜெயில் இருந்த இடம் வரைக்கும் விரலால இழுத்துப் பாருங்க. 1783 வரைக்கும் தண்டனை வாங்கினவன வண்டில ஏத்தி இந்த தூரம் பூரா ஊர்வலமா கொண்டு போவாங்க, வழியில கள்ளுக்கடைல நிறுத்தி குடிக்க குடுப்பாங்க. அந்த வருஷம் நவம்பரோட டைபர்ன் முடிஞ்சுது, டிசம்பர்லேர்ந்து ஜெயில் வாசல்லயே மேடை போட்டுட்டாங்க. ஊர்வலம் கட். சாமுவேல் ஜான்சன், டிக்‌ஷனரி போட்டவரு, அவரே இதுக்கு புலம்பினாரு, ஜனங்களுக்கும் ஊர்வலம் பார்த்த திருப்தி இருந்துச்சு, சாகப்போறவனுக்கும் அது ஒரு தெம்பா இருந்துச்சு, இத எதுக்குய்யா எடுத்தீங்கன்னு. படிச்சா நமக்கு தூக்கிவாரிப்போடும். அந்த இடத்துல புக்க மூடி வெச்சுட்டு ஒரு நிமிஷம் யோசிங்க, ஏன்னா இதத் தாண்டினாத்தான் ஹேங்கிங் ட்ரீ புரியும். ஜான்சன் கொடூரமான ஆளு இல்ல, கண்ணு தெரியாத கிழவி, விடுதலையான அடிமைன்னு போக்கிடம் இல்லாதவங்கள வீட்ல வெச்சு சோறு போட்ட மனுஷன்.

அடுத்தது ஹேங்கிங் ட்ரீ. இங்கயும் முன்னுரைல ஆரம்பிக்காதீங்க. பின்னாடி இன்டெக்ஸ்ல 'ஃபென்னிங்'னு தேடுங்க. எலைசா ஃபென்னிங், 1815, சமையல்கார பொண்ணு, இருபது இருபத்திரெண்டு வயசுதான். இந்த ஒரு வழக்க பிடிச்சுக்கிட்டா மொத்த புக்கும் பின்னாடியே வரும்.

வழக்கு இதுதான். சான்சரி லேன்ல டர்னர்னு ஒரு குடும்பம், வக்கீல் ஆபீசுக்கு வேண்டிய பேப்பர் பத்திரம் சப்ளை பண்றவங்க. அந்த வீட்ல எலைசா டம்ப்ளிங் பண்றா, ஈஸ்ட் போட்டு மாவு உப்ப வெச்சு வேக வெக்கிறது, நம்ம கொழுக்கட்டைல பூரணம் இல்லாம நினைச்சுக்கோங்க. சாப்பிட்ட எல்லாருக்கும் வாந்தி, வயித்து வலி. யாரும் சாகல. எலைசாவும் அதையே சாப்பிட்டு அவளும் படுத்துட்டா. ஆர்சனிக் கலந்திருக்குன்னு சொல்லி அவ மேல கேஸ். ஆபீஸ் டிராயர்ல எலிக்கு வெக்கிறதுக்கு ஆர்சனிக் பொட்டலம் இருந்துச்சு, பூட்டு கிடையாது, அடுப்பு பத்த வெக்க வேஸ்ட் பேப்பர் எடுக்கிறதும் அதே டிராயர்தான். ஆதாரம்னு சொன்னது என்னென்ன தெரியுமா, மாவு சரியா உப்பல கறுப்பா இருந்துச்சு, வெட்டின கத்தி கறுத்துப்போச்சு. கத்தி கறுக்கறதுக்கும் ஆர்சனிக்குக்கும் சம்பந்தமே இல்ல. அப்புறம் எஜமானியம்மா சொன்னது, டம்ப்ளிங் பண்றேன் பண்றேன்னு இவளே பலநாளா கேட்டுட்டு இருந்தான்னு. அவ்ளோதான். தூக்கு. 1803ல ஒரு சட்டம் வந்திருந்துச்சு, விஷம் வெச்சு யாரும் சாகலன்னாலும் தூக்குதான்னு.

இப்ப புக்க அப்படியே கவுத்து வெச்சுட்டு, ஓல்ட் பெய்லிங்கற லண்டன் கிரிமினல் கோர்ட்டோட நடவடிக்கைகள் முழுக்க ஆன்லைன்ல ஃப்ரீயா இருக்கு, 1674லேர்ந்து 1913 வரைக்கும், அதுல பேரு போட்டு 1815 ஏப்ரல் செஷன்ஸ தேடுங்க. அவ வழக்கு வரும். படிங்க. எல்லா சாட்சியும் பேசிட்டே போவாங்க, கடைசில அவ பங்குக்குன்னு சில வரிதான். நான் குத்தமே பண்ணல, எனக்கு அந்த வேலை பிடிச்சிருந்துச்சு, சௌகரியமாத்தான் இருந்தேன்னு. நான் முதல் தடவை படிச்சப்ப அடுத்த பக்கத்த தேடினேன், வக்கீல் என்ன பேசினாருன்னு. வக்கீல் பேச்சு இருக்காது. 1836 வரைக்கும் இந்த மாதிரி கேஸ்ல குத்தவாளி சார்பா ஜூரிகிட்ட பேச வக்கீலுக்கு உரிமையே கிடையாது, சாட்சிய குறுக்கு விசாரணை பண்ணலாம், அதோட சரி. இது தெரியாம படிச்சீங்கன்னா அந்தப் பொண்ணு ஏன் இவ்ளோ கம்மியா பேசினா, ஒருவேளை தப்பு பண்ணியிருப்பாளோன்னு தோணும். எனக்கே தோணிச்சு. இன்னொண்ணு, அந்த ரெக்கார்ட்ல இருக்கிறது கோர்ட்ல நடந்தது மொத்தமும் இல்ல, சுருக்கெழுத்துல எடுத்து அச்சடிச்சு வித்தது, எதை விடணும் எதை போடணும்னு அவங்க முடிவு பண்ணியிருக்காங்க. அதனால அங்க இல்லாதது நடக்கலன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க.

ஜூலை 26, நியூகேட் வாசல், வெள்ளை டிரஸ்ல வந்தா. அவ பிணத்த கொண்டு போறப்ப ஆயிரக்கணக்கான ஜனம் கூட நடந்துச்சு. இங்கதான் கேட்ரெல் சொல்ற முக்கியமான ஒண்ணு பிடிபடும். தூக்கு பார்க்க வந்த கூட்டம்னா ரத்தவெறி பிடிச்ச கூட்டம்னு அந்தக் காலத்து பெரிய மனுஷங்களே எழுதி வெச்சுட்டாங்க, நாமளும் அதையே நம்பறோம். அதே கூட்டந்தான் ஃபென்னிங்குக்காக அழுதுச்சு, அதே கூட்டந்தான் கேட்டோ ஸ்ட்ரீட்காரங்க தலைய வெட்டினவன திட்டி ஊளையிட்டுச்சு. அப்பல்லாம் கயிறு குட்டையா இருக்கும், டக்குனு உயிர் போகாது, பல நிமிஷம் துடிக்கும், சொந்தக்காரன் ஓடிப்போயி காலைப் பிடிச்சு தொங்குவான், சீக்கிரம் போகட்டும்னு. தூரத்துலேர்ந்து பார்க்கிற ஜென்டில்மேனுக்கு அது அசிங்கமா தெரியும். மேடைக்கு ஆள் வந்ததும் கூட்டம் 'தொப்பிய கழட்டு'ன்னு கத்தும், அத மரியாதைன்னு நினைச்சுக்காதீங்க, பின்னாடி நிக்கிறவனுக்கு மறைக்குதுன்னு கத்தறது. ரெண்டும் ஒரே கூட்டத்துல நடக்கும். அதனால புக்குல எங்கல்லாம் 'கூட்டம்'னு வருதோ அங்க பென்சிலால சின்னதா குறிச்சுக்கோங்க, இத யாரு சொல்றா, கூட்டத்துக்குள்ள நின்னவனா, ஜன்னலுக்கு காசு குடுத்து மேலேர்ந்து பார்த்தவனான்னு. ஜன்னல் வாடகை அப்ப நல்ல பிசினஸ். இந்த ஒரு குறிப்பு போட்டுட்டு வந்தாலே புக்கு பாதி தானா பேச ஆரம்பிச்சிடும்.

மேடையடில ஒரு பாட்டு பேப்பர் விக்கும், ஒத்தை தாள்ல, சாகப்போறவன் தானே பாடற மாதிரி, தாய் தகப்பன நினைச்சு, கெட்ட சகவாசத்தால கெட்டேன்னு. பிராட்சைட்னு சொல்லுவாங்க. நமக்கு இது புதுசு இல்ல, கொலைச்சிந்துதான். சந்தையிலயும் ரயில்லயும் டேப் அடிச்சுப் பாடி வித்த காலணா புஸ்தகம் பார்த்தவங்க வீட்ல யாராவது இருந்தா கேளுங்க, அதே மெட்டு அதே கண்ணீர் அதே கடைசி வரி புத்தி. கேட்ரெல் இந்த பாட்டுகள நிறைய எடுத்துப் போடுவாரு, படிக்கிறப்ப ஸ்கிப் பண்ணாதீங்க, எழுதத் தெரியாத ஜனங்க என்ன நினைச்சாங்கன்னு தெரிஞ்சுக்க இருக்கிற கொஞ்சநஞ்ச வழில இது ஒண்ணு.

இனிமே நம்பருக்கு வருவோம், என் ஏரியா. ஒரு நோட்டுல மூணு காலம் (column) போடுங்க. முதல் காலம் மரண தண்டனை விதிச்சது, ரெண்டாவது உண்மையில தூக்குல போட்டது, மூணாவது மிச்சம் எங்க போச்சு. கேட்ரெல் கணக்குப்படி 1770லேர்ந்து 1830க்குள்ள இங்கிலாந்து, வேல்ஸ்ல சுமார் 35,000 பேருக்கு மரண தண்டனை, அதுல தூக்குல போனது சுமார் 7,000. அஞ்சுல ஒண்ணு. மிச்ச நாலு பேரு ஆஸ்திரேலியாவுக்கு கப்பல், இல்ல ஜெயில், இல்ல நதியில நிக்கிற பழைய கப்பலையே ஜெயிலாக்கி வெச்சிருந்தாங்களே அதுல. இந்த மூணாவது காலத்த போடலன்னா ரெண்டு தப்புல ஒண்ணு பண்ணுவீங்க. 35,000த்த மட்டும் பார்த்தா 'அடப்பாவிங்களா'ம்பீங்க, 7,000த்த மட்டும் பார்த்தா 'பரவால்லயே, பெரும்பாலும் விட்டுட்டாங்களே'ம்பீங்க. ஆனா ஒரு ஷில்லிங் பிக்பாக்கெட்டுக்கு, கடையில அஞ்சு ஷில்லிங் திருட்டுக்கு, ஒரு ஆடு திருடினதுக்கு தூக்குன்னு சட்டத்துல எழுதி வெச்சுட்டு, அப்புறம் யார விடலாம்னு மேல இருக்கிறவன் முடிவு பண்றான். மன்னிப்பு குடுக்கிறதும் அதிகாரம்தான். 1975லயே டக்ளஸ் ஹேங்கறவர் இத ஒரு கட்டுரைல பிரமாதமா சொல்லிட்டாரு. கேட்ரெல் அதுக்கு மேல போயி ஹோம் ஆபீஸ், அதாவது உள்துறை, பெட்டிகள்ல தூசி படிஞ்சு கிடந்த கருணை மனுக்கள எடுத்துப் படிச்சாரு. அம்மா எழுதினது, பாதிரியார் எழுதினது, ஊர்க்காரங்க கைநாட்டு வெச்சது. ஹேங்கிங் ட்ரீல எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான். நம்மூர் கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு குடுக்க நிக்கிறவங்க மூஞ்சி ஞாபகம் வராம அத படிக்க முடியாது.

வார்த்தைகள்ல ரெண்டு மூணு மட்டும் முன்கூட்டியே தெரிஞ்சு வெச்சுக்கோங்க. 'ரெஸ்பைட்'னா தண்டனைய இப்போதைக்கு நிறுத்தி வெக்கிறது. 'ரெப்ரீவ்'னாலும் கிட்டத்தட்ட அதான், இன்னைக்கு தூக்கு இல்ல, நாளைக்கு என்னன்னு பார்ப்போம்ங்கற மாதிரி. 'கம்யூட்'னா மரண தண்டனைய வேற தண்டனையா மாத்தறது. 'ரெக்கார்டர்'னு வந்தா டேப் ரெக்கார்டர் இல்ல, லண்டன் நீதிபதி ஒருத்தரோட பதவிப் பேரு, அவருதான் லிஸ்ட்ட எடுத்துட்டுப்போயி ராஜாவும் மந்திரிங்களும் உக்காந்திருக்கிற ரூம்ல படிப்பாரு, அங்க டிக் அடிச்சாத்தான் தூக்கு. சட்டப் பேருங்கள மனப்பாடம் பண்ணாதீங்க, தேவையே இல்ல.

இப்ப நிஜமாவே கஷ்டமான பகுதி. இவ்ளோ தூக்கு போடறது எப்படி நின்னுபோச்சு? பள்ளிக்கூடத்துல படிச்ச மாதிரி சொன்னா, நல்லவங்க வந்தாங்க, எழுதினாங்க, பேசினாங்க, ஜனங்க மனசு மாறிச்சு, சட்டம் மாறிச்சு. சாமுவேல் ராமிலிங்கற எம்.பி. 1808லயே பிக்பாக்கெட்டுக்கு தூக்கு கூடாதுன்னு சட்டத்த மாத்த வெச்சாரு, உள்துறை மந்திரி ராபர்ட் பீல் 1820கள்ல சட்டங்கள ஒழுங்கு பண்ணாரு, 1830கள்ல விக் (Whig, கேட்ரெல் பேரு இல்ல) கட்சிக்காரங்க வரிசையா எடுத்துப்போட்டாங்க. இதெல்லாம் நடந்தது உண்மை. ஆனா கேட்ரெல் கேக்கறது, மனசு மாறினதாலயா? 1820கள்ல கேஸ் போடறது ஏகத்துக்கும் ஏறிச்சு, மரண தண்டனை லிஸ்ட் நீண்டுட்டே போச்சு, பழைய விகிதத்துல தூக்குல போட்டா வாரா வாரம் நியூகேட் வாசல்ல பிணக்குவியல் ஆகும், அது எந்த அரசாங்கத்தாலயும் முடியாது. அந்தப் பாரம் தாங்காமத்தான் சட்டம் சரிஞ்சுது, இரக்கம்ங்கற பேரு பின்னாடி வந்து ஒட்டிக்கிச்சுங்கறது அவரு வாதம். பீல மனிதாபிமானின்னு சொல்றத அவரு ஒத்துக்கவே மாட்டாரு. நாலாம் ஜார்ஜ் ராஜா, குடிகாரன் ஊதாரின்னு ஊரே சிரிச்ச ஆளு, அந்த ராஜாவே சில பேர விட்டுடலாமேன்னு கேட்டப்ப வேணாம்னு மல்லுக்கட்டினது பீல்தான்.

இந்த எடத்துல எச்சரிக்கை. கேட்ரெல் கோவக்காரர். எழுத்துலயே தெரியும், அவரு மறைக்கவும் மாட்டாரு. அதுதான் அவரோட பலம், எனக்கு பிடிச்சதும் அதுதான், ஆனா பீல் விஷயத்துல அந்தக் கோவம் கொஞ்சம் ஓவரா போயிடுச்சோன்னு ஒரு சந்தேகம் இருக்கு. போய்ட் ஹில்டன் மாதிரி வேற ஹிஸ்டாரியன்ஸ் இதுக்கு பதில் எழுதியிருக்காங்க. அதனால பீல் வர்ற பக்கங்கள்ல ரெண்டு கலர் பென்சில் வெச்சுக்கோங்க, ஒண்ணு பீல் செஞ்சதுக்கு, இன்னொண்ணு பீல பத்தி கேட்ரெல் நினைக்கிறதுக்கு. பிரிச்சுப் பார்த்தா அவரோட வாதம் உடையாது, எங்க அழுத்தறாருன்னு தெரியும், அவ்ளோதான்.

மனசு கசியறது வேற, கண்ணு கூசறது வேற, இதுதான் அந்த புக்கோட நரம்பு. இத புரிஞ்சுக்க தாக்கரே, டிக்கன்ஸ்ங்கற இங்கிலாந்து நாவலாசிரியர்கள் ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. 1840 ஜூலை 6, தன் எஜமானன கொன்ன வேலைக்காரன் குர்வாசியேவ நியூகேட்ல தூக்குல போடறாங்க, ரெண்டு எழுத்தாளர்களும் அந்தக் கூட்டத்துல இருந்தாங்க. தாக்கரே கடைசி நிமிஷத்துல கண்ண மூடிக்கிட்டாரு. அப்புறம் எழுதினாரு, கொலை மேல அருவருப்போட வீட்டுக்கு வந்தேன், ஆனா அது நான் பார்த்த கொலை மேலங்கற மாதிரி. நேர்மையான வரி. டிக்கன்ஸ் 1846ல மரண தண்டனையே வேணாம்னு எழுதினவரு, 1849 நவம்பர்ல கொலை பண்ண மேனிங் தம்பதிய தூக்குல போட்டத பார்த்துட்டு டைம்ஸ் பத்திரிகைக்கு லெட்டர் போட்டாரு. அதுல அவருக்கு ஆத்திரம் முக்காவாசி கூட்டத்து மேல, அவங்க சிரிப்பு மேல, கெட்ட வார்த்தை மேல. தூக்க நிறுத்துங்கன்னு அந்த லெட்டர்ல கேக்கல, மதிலுக்குள்ள வெச்சுக்கோங்கன்னு கேட்டாரு. 1868ல அவரு கேட்டதுதான் நடந்துச்சு. மே 26, மைக்கேல் பாரட்ங்கற அயர்லாந்துக்காரர் தூக்கு, அதுதான் ஊர் பார்க்க நடந்த கடைசி. அப்புறம் ஜெயிலுக்குள்ள, வெளிய கறுப்புக்கொடி ஏத்துவாங்க, மணி அடிப்பாங்க. நின்னு போனது பார்க்கிறதுதான், போடறது நிக்கல, 1964 ஆகஸ்ட் வரைக்கும் இன்னும் தொண்ணூத்தாறு வருஷம் ஓடிச்சு. கேட்ரெல் 1868ல ஏன் புக்க முடிக்கிறாருன்னு இங்க வந்தப்பதான் எனக்கு உறைச்சுது. உடனே கொண்டாடிடாதீங்கன்னு அர்த்தம்.

இன்னொரு குறைய சொல்லணும். அவரு எல்லை இங்கிலாந்து மக்கள். அதே ராஜாங்கத்து ஆளுங்க அதே காலத்துல வெளிய என்ன பண்ணாங்கன்னு அதுல தேடாதீங்க. 1799 அக்டோபர்ல கயத்தாறுல பானர்மேன் மத்த பாளையக்காரங்கள எல்லாம் வரச்சொல்லி நிக்க வெச்சு அவங்க கண்ணு முன்னாடி கட்டபொம்மன தூக்குல போட்டானே, அதுவும் பார்க்க வெக்கிறதுக்காக போட்ட தூக்குதான். லண்டன்ல டைபர்ன் ஊர்வலத்த அசிங்கம்னு எடுத்து அப்ப பதினாறு வருஷம் ஆச்சு. நான் இத புக்கோட ஓரத்துல எழுதி வெச்சிருக்கேன், நீங்களும் உங்களுக்கு தெரிஞ்சத ஓரத்துல எழுதுங்க, ஆனா அத கேட்ரெல் சொன்னதா சேர்த்துடாதீங்க.

சிட்டி ஆஃப் லாஃப்டர கடைசியா வெச்சுக்கோங்க. எல்லாரும் இத முதல்ல எடுப்பாங்க, ஜாலியா இருக்கும்னு. ஜாலிதான். 1770லேர்ந்து 1830க்குள்ள லண்டன்ல சுமார் 20,000 கேலிப்படம் அச்சாச்சு, வரைஞ்சவங்க கில்ரே, ரோலண்ட்சன், க்ரூக்‌ஷாங்க், குசு விடற மந்திரி, படுக்கையில இளவரசன், எதுவும் பாக்கி இல்ல. ஆனா தூக்க படிச்சுட்டு வந்து இத படிச்சா வேற மாதிரி இருக்கும், ஏன்னா அந்த அறுபது வருஷம் ரெண்டு புக்குலயும் இருக்கு, ஒரே தெருக்கள். நியூகேட்ல தொங்கவிட்ட காலையில செயின்ட் ஜேம்ஸ் தெருவுல ஹம்ஃப்ரி அம்மாவோட படக்கடை ஜன்னல்ல புதுப்படம் தொங்கும், மாடியில கில்ரே குடியிருந்து வரைஞ்சுட்டு இருப்பாரு.

இத படிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. படத்த முதல்ல பாருங்க, அவரு விளக்கத்த கையால மறைச்சுக்கிட்டு. உதாரணத்துக்கு கில்ரேயோட 1792 படம் ஒண்ணு, யார்க் டியூக்கும் டச்சஸும், அதுல ஆளே கிடையாது, நாலு பாதம்தான், ஷூ போட்ட பெரிய பாதம் ரெண்டு கீழ பார்த்து, நகை பதிச்ச குட்டி செருப்பு போட்ட பாதம் ரெண்டு மேல பார்த்து விரிஞ்சு. அவ்ளோதான் படம். அந்தக் காலத்து பேப்பர்கள்ல எல்லாம் அந்தம்மாவோட பாதம் எவ்ளோ சின்னது, செருப்பு எவ்ளோ அழகுன்னு ஒரே புகழாரம், கில்ரே அதத்தான் வாருறாரு. விளக்கம் படிக்காமலே உங்களுக்கு சிரிப்பு வந்துச்சா, வரலயா, வந்தா எதுக்கு வந்துச்சுன்னு ஒரு வரி எழுதிட்டு அப்புறம் கைய எடுங்க. பிரிட்டிஷ் மியூசியம் சைட்ல இந்தப் படங்கள் பெருசாவே இருக்கு, ஜூம் பண்ணி பார்க்கலாம், புக்குல அச்சு சின்னது. ஆபீஸ்ல திறக்காதீங்க, நான் திறந்துட்டு மேனேஜர் கிட்ட அசடு வழிஞ்சது போதும்.

யாரு வாங்கினாங்கன்னு மறக்காதீங்க. கலர் பண்ண படம் ஒண்ணு ரெண்டு ஷில்லிங் மாதிரி, கூலிக்காரனுக்கு கட்டுப்படியாகாது. வாங்கினது பணக்கார ஆம்பளைங்க, மத்தவங்க ஜன்னல்ல நின்னு பார்த்தாங்க. அந்த ஆம்பளைங்க சிரிப்பத்தான் கேட்ரெல் ரசிச்சு எழுதறாரு, சில இடத்துல ரொம்பவே ரசிக்கிறாரு, படத்துல இருக்கிற பொண்ணுங்க இத எப்படி பார்த்திருப்பாங்கன்னு படிக்கிறப்ப நீங்களே கேட்டுக்க வேண்டியிருக்கும். எங்க குரூப்ல ஒரு அக்கா இத வெச்சே ஒரு மணி நேரம் சண்டை போட்டாங்க, நியாயமான சண்டை.

1820கள் அத்தியாயங்களுக்கு வந்ததும் வேகத்த குறைங்க. 1802லயே தீயொழுக்கத்த ஒடுக்கன்னு ஒரு சங்கம் வெச்சாச்சு, அச்சடிக்கிறவன் விக்கிறவன் மேலல்லாம் கேஸ் போட்டாங்க. 1820ல ராஜா தரப்புலேர்ந்து க்ரூக்‌ஷாங்குக்கு நூறு பவுண்ட் குடுத்தாங்க, மன்னர ஆபாசமா வரையமாட்டேன்னு எழுதி வாங்கிட்டு. அப்படியே சிரிப்பு மெதுவா வீட்டுக்குள்ள வெச்சுக்கிற சிரிப்பா மாறுது, குழந்தைங்க பக்கத்துல உக்காந்து பார்க்கிற மாதிரி. இங்க வந்ததும் உங்க நோட்டுல ஹேங்கிங் ட்ரீ பக்கத்த திருப்பி 1820கள்ல என்ன எழுதினீங்கன்னு பாருங்க. நான் அப்படி ரெண்டு பக்கத்தையும் அருகருகே வெச்சப்பதான், குசு ஜோக்க பார்த்து மூஞ்சிய சுளிச்ச ஜென்டில்மேனும், தூக்குல ஆடற கால பார்த்து மூஞ்சிய திருப்பிக்கிட்ட ஜென்டில்மேனும் ஒரே ஆளுன்னு தெரிஞ்சுது.

எவ்ளோ நாள் ஆகும்னு கேப்பீங்க. ராத்திரி பதினஞ்சு பக்கம் வெச்சுக்கிட்டா மூணு புக்கும் முடிய நாலு மாசம் சுமார். தூக்கு அத்தியாயங்கள தூங்கறதுக்கு முன்னாடி படிக்காதீங்க, அதுக்கு காலைல பஸ்தான் சரி, படத்துக்குத்தான் ராத்திரி. ஹேங்கிங் ட்ரீல நடுவுல திணறினா ஓல்ட் பெய்லி சைட்டுக்கு போயி ஏதாவது ஒரு வருஷத்துல 'ஷீப்'னு போட்டு தேடி நாலு ஆட்டுத்திருட்டு வழக்கு படிச்சுட்டு வாங்க, அதுவே போதும், திரும்ப உள்ள இழுத்துடும். பேரு ஸ்பெல்லிங் அங்க இஷ்டத்துக்கு இருக்கும், கிடைக்கலன்னா வேற மாதிரி எழுதிப் பாருங்க. நான் ஒரு சமையல்காரிய மூணு நாளா தேடிட்டு இருந்தேன், 'எலிசபெத்'னு போட்டு. ரெக்கார்ட்ல அவ 'எலைசா'.